மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களின் பலமும் அபாயமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளை ஒப்பிடும் பட்டியல்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அறை வாடகை வரம்பு, காத்திருப்புக் காலம், போனஸ் ஆகியவற்றை அவை வரிசைப்படுத்திக் காட்டும். அந்தப் பாலிசியை விற்கும் நிறுவனம் எப்படிச் சம்பாதிக்கிறது, எங்கே இழக்கிறது, நாளை எந்த நெருக்கடியில் சிக்கக்கூடும் என்ற கேள்விகளுக்குத்தான் தமிழில் பதில் அரிதாக இருக்கிறது. இங்கே அவை மட்டுமே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. நிதிநிலை எண்கள் பெரும்பாலும் 2023-24, 2024-25 ஆகிய நிதியாண்டுகளைச் சேர்ந்தவை.

பாலிசியின் விதிகளைப் படித்தால் போதாதா? நிறுவனத்தைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?

மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தம். ஆனால் வாங்குபவர் அதை முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கான ஏற்பாடாக நினைத்துத்தான் வாங்குகிறார். ஆயுள் காப்பீட்டில் பிரீமியம் தொடக்கத்திலேயே நிர்ணயமாகிவிடுகிறது. இங்கே புதுப்பிக்கும் உரிமை மட்டுமே வாழ்நாள் முழுவதற்கும் உண்டு, விலைக்கு அப்படி எந்த உத்தரவாதமும் கிடையாது. 35 வயதில் சேர்ந்த ஒருவருக்கு 50 வயதில் சர்க்கரையோ இதயக் கோளாறோ வந்துவிட்டால், அவரைப் புதிதாக ஏற்க மற்ற நிறுவனங்கள் தயங்கும். அதன்பின் அவர் இருக்கும் நிறுவனத்தோடு கட்டுண்டவராகிவிடுகிறார். அந்த நிறுவனம் தொடர்ந்து நட்டப்பட்டால் பிரீமியம் உயரும், க்ளெய்ம்களைப் பார்க்கும் கண் கடுமையாகும், மருத்துவமனைகளோடு பேரம் முற்றும். மூன்றும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

இந்தியாவில் மருத்துவக் காப்பீடு விற்கும் நிறுவனங்கள் எத்தனை வகை?

மூன்று வகை. நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, நேஷனல், ஓரியண்டல் என்ற நான்கு பொதுத்துறை நிறுவனங்கள் முதல் வகை. வாகனம், தீ விபத்து, மருத்துவம் என எல்லாவற்றையும் விற்கும் எச்டிஎஃப்சி எர்கோ, ஐசிஐசிஐ லொம்பார்டு, பஜாஜ் போன்ற தனியார் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் இரண்டாம் வகை. மருத்துவக் காப்பீட்டையே முதன்மைத் தொழிலாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த், நிவா பூபா, கேர், ஆதித்ய பிர்லா ஹெல்த், மணிப்பால் சிக்னா, கேலக்ஸி, நாராயணா ஆகிய ஏழும் மூன்றாம் வகை. ஸ்டார், யுனைடெட் இந்தியா, கேலக்ஸி ஆகிய மூன்றுக்கும் தலைமையகம் சென்னை.

'இழப்பீட்டு விகிதம்' அதிகமாக இருக்கும் நிறுவனமே நல்ல நிறுவனம் என்கிறார்களே, சரியா?

பாதி சரி. முழுவதும் நம்பினால் தவறான முடிவுக்குக் கொண்டுபோய் விடும் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஈட்டிய பிரீமியத்தில் எவ்வளவு பங்கு க்ளெய்ம்களுக்குப் போனது என்பதே இழப்பீட்டு விகிதம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் 2023-24 ஆண்டறிக்கையின்படி, மருத்துவக் காப்பீட்டில் பொதுத்துறை நிறுவனங்களின் விகிதம் சுமார் 103 சதவீதம், தனியார் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களின் விகிதம் சுமார் 89 சதவீதம், தனி மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களின் விகிதம் சுமார் 65 சதவீதம். இதைப் பார்த்ததும் மூன்றாம் வகையினர் மக்கள் பணத்தைச் சுருட்டுகிறார்கள் என்றும், பொதுத்துறை வாரி வழங்குகிறது என்றும் முடிவுகட்டத் தோன்றும். இரண்டு காரணங்களால் அந்த முடிவு அவசரமானது.

முதல் காரணம், யாருக்கு விற்கிறார்கள் என்பது. ஒரு பெரிய தொழிற்சாலை தன் ஊழியர்கள் எல்லோருக்கும் எடுக்கும் குழுக் காப்பீட்டில் போட்டி கடுமை, விலை அடிமட்டம். காத்திருப்புக் காலம் பெரும்பாலும் இல்லை, பல இடங்களில் ஊழியரின் வயதான பெற்றோருக்கும் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. அங்கே விகிதம் 90, 100 என்று போவது இயல்பு. தனி நபரும் குடும்பமும் வாங்கும் சில்லறைப் பாலிசியில் அப்படி நடப்பதில்லை. ஸ்டாரின் தொழிலில் மிகப் பெரும்பகுதி சில்லறை; பொதுத்துறையிடம் குழுக் காப்பீடு அதிகம். இரண்டையும் நேருக்கு நேர் வைப்பது நியாயமான ஒப்பீடாகாது.

இரண்டாம் காரணம் அதிகம் பேசப்படாதது. வேகமாக வளரும் நிறுவனத்தின் இழப்பீட்டு விகிதம் இயல்பாகவே அழகாகத் தெரியும். புதிதாகச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் நிறுவனத்தின் உடல்நலப் பரிசீலனையைத் தாண்டி வந்தவர்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அவர்களில் பலர் இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அந்த ஆண்டுகளில் பிரீமியம் முழுமையாக வருகிறது, க்ளெய்ம் குறைவாகவே வருகிறது. வளர்ச்சி தளர்ந்து, பழைய வாடிக்கையாளர்களின் பங்கு கூடும்போதுதான் உண்மையான விகிதம் வெளிப்படும். ஆகவே 60 சதவீதம் என்று ஒரு நிறுவனம் சொன்னால், அதன் பாலிசிகளில் எத்தனை பங்கு மூன்றாண்டைத் தாண்டியவை என்று உடனே கேட்க வேண்டும். நான் ஒரு நிறுவனத்தைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வியும் இதுதான்.

இதோடு 'க்ளெய்ம் தீர்வு விகிதம்' என்ற மற்றொன்றையும் பலர் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அது எத்தனை க்ளெய்ம்களுக்குப் பணம் தரப்பட்டது என்ற எண்ணிக்கை மட்டுமே. ஐந்து லட்சம் கேட்டவருக்கு மூன்று லட்சம் தந்தாலும் அது தீர்க்கப்பட்ட க்ளெய்ம்தான். விளம்பரங்களில் 95, 98 என்று மின்னும் எண்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. எவ்வளவு கேட்கப்பட்டது, எவ்வளவு தரப்பட்டது என்ற தொகைக் கணக்கே இவற்றைவிடப் பயனுள்ளது.

அப்படியானால் நிறுவனத்தின் லாப நட்டத்தை எந்த எண்ணில் பார்ப்பது?

ஒருங்கிணைந்த விகிதத்தில். க்ளெய்ம், கமிஷன், நிர்வாகச் செலவு மூன்றையும் கூட்டி, பிரீமியத்தின் சதவீதமாகச் சொன்னால் வருவது அது. 100-க்குக் கீழே இருந்தால் காப்பீட்டுத் தொழிலிலேயே லாபம்; மேலே போனால், முதலீட்டு வருமானத்தை வைத்துத்தான் ஈடுகட்ட வேண்டும்.

ஸ்டார் ஹெல்த்தின் கணக்கை எடுத்துக்கொள்வோம். 2023-24-இல் இழப்பீட்டு விகிதம் 66.5 சதவீதம், ஒருங்கிணைந்த விகிதம் 96.7 சதவீதம். அடுத்த ஆண்டில் இழப்பீடு 70.3 ஆகவும் ஒருங்கிணைந்த விகிதம் 101.1 ஆகவும் உயர்ந்தன. அதாவது 2024-25-இல் நூறு ரூபாய் வந்தால் எழுபது ரூபாய்க்குச் சற்று மேல் க்ளெய்முக்கும், ஏறத்தாழ முப்பத்தொரு ரூபாய் கமிஷனுக்கும் செலவுக்கும் போய், ஒரு ரூபாய்க்கு மேல் துண்டு விழுந்திருக்கிறது. முதலீட்டு வருமானம் கைகொடுத்ததால் 646 கோடி ரூபாய் லாபம் நின்றது; முந்தைய ஆண்டில் அது 845 கோடி. இழப்பீட்டில் நான்கு புள்ளி மட்டும் நகர்ந்ததில் லாபத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு போய்விட்டது. மருத்துவக் காப்பீட்டில் லாப விளிம்பு எவ்வளவு மெல்லியது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

அந்த முப்பத்தொரு ரூபாயையும் கவனிக்க வேண்டும். தனி மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களின் கமிஷன் உள்ளிட்ட நிர்வாகச் செலவுக்கு, மொத்த பிரீமியத்தில் 35 சதவீதம் என்ற உச்சவரம்பை ஆணையம் வைத்திருக்கிறது; பொதுக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு அது 30 சதவீதம். செலவைக் குறைக்க முடிந்த நிறுவனத்துக்கு க்ளெய்மில் தாராளமாக இருக்க இடம் கிடைக்கிறது. குறைக்க முடியாத நிறுவனம் க்ளெய்மைப் பிடித்து இழுத்தோ பிரீமியத்தை உயர்த்தியோதான் கணக்கை நேர்செய்ய முடியும். இரண்டு நிறுவனங்கள் ஒரே இழப்பீட்டு விகிதத்தைக் காட்டினால், செலவு குறைந்ததையே நான் பலமானதாகக் கருதுவேன்.

ஸ்டார் ஹெல்த்தின் உண்மையான பலம் எது, அபாயம் எது?

யுனைடெட் இந்தியாவின் தலைவராக இருந்த வி. ஜெகந்நாதன் 2006-இல் தொடங்கிய ஸ்டார், நாட்டின் முதல் தனி மருத்துவக் காப்பீட்டு நிறுவனம். தமிழக அரசு 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது அதை நடத்தியது இந்த நிறுவனமே. 2011-இல் ஆட்சி மாறியபின் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 2012 ஜனவரியில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் யுனைடெட் இந்தியாவிடம் போனது. ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இது நம் கண்முன் நடந்த பாடம். ஸ்டார் அதன்பின் சில்லறைப் பாலிசியில் முழுக் கவனத்தையும் செலுத்தியது. இன்று சில்லறை மருத்துவக் காப்பீட்டுச் சந்தையில் அதன் பங்கு மூன்றில் ஒன்றை நெருங்குகிறது. 2024-25-இல் மொத்த பிரீமியம் 16,700 கோடி ரூபாயைத் தாண்டியது.

ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட முகவர்கள் அதன் பெரும் பலம். வங்கிகள் வழியாகப் பாலிசி விற்கும் நிறுவனத்தோடு வங்கி ஒன்று ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டால் ஒரே நாளில் கிளைகள் கைவிட்டுப் போகும். சிற்றூர்களில் பரவிக் கிடக்கும் முகவர் படையை எந்தப் போட்டியாளராலும் ஓரிரு ஆண்டில் கட்ட முடியாது. க்ளெய்ம்களை வெளி நிறுவனத்திடம் விடாமல் தானே பரிசீலிப்பதால் மருத்துவமனைக் கட்டணங்கள், மோசடிகள் பற்றிய தரவும் அதன் கையிலேயே தங்குகிறது.

அந்தப் படையே அபாயமாகவும் மாறுகிறது. முகவர் வீட்டுக்கு வந்து முன்மொழிவுப் படிவத்தை நிரப்புகிறார். 'சர்க்கரை நோய் உண்டா?' என்ற இடத்தில், மாத்திரை சாப்பிடுவதைச் சொன்னாலும், 'கட்டுப்பாட்டில்தானே இருக்கிறது, இல்லை என்றே போட்டுவிடலாம்' என்கிறார். வாடிக்கையாளர் கைபேசியில் வந்த ஓடிபியைச் சொல்கிறார், பாலிசி வந்துவிடுகிறது. மூன்றாண்டு கழித்து மாரடைப்பில் சேர்க்கப்படும்போது, மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'பத்தாண்டுகளாகச் சர்க்கரை' என்று ஒரு வரி இருக்கும். நோயை மறைத்ததாகச் சொல்லி க்ளெய்ம் மறுக்கப்படும். கமிஷன் அன்றே போய்ச் சேர்ந்துவிட்டது. பழி நிறுவனத்துக்கு, இழப்பு குடும்பத்துக்கு. முகவர்களை நம்பி வளரும் எல்லா நிறுவனங்களுக்கும் இந்த அபாயம் உண்டு, மிகப் பெரிய படை உள்ள இடத்தில் அதன் அளவும் பெரிது. ஐந்தாண்டுகள் இடைவிடாமல் பாலிசி நடந்த பின், மோசடி நிரூபிக்கப்பட்டால் ஒழிய, தகவலை மறைத்ததைக் காரணம் காட்டி மறுக்க முடியாது என்று 2024-இல் விதி மாறியிருக்கிறது. முன்பு அது எட்டாண்டு. எப்படியானாலும் படிவத்தில் உண்மையைத் தன் கையால் எழுதுவதே ஒருவர் தன் குடும்பத்துக்குச் செய்யக்கூடிய முதல் காப்பீடு.

கொரோனா காலம் ஸ்டாரின் மற்றொரு பலவீனத்தையும் காட்டியது. ஒரே தொழிலை நம்பிய நிறுவனம் என்பதால், 2021-22-இல் 1,041 கோடி ரூபாய் நட்டம் ஏற்பட்டது. வாகனக் காப்பீடோ தீக் காப்பீடோ ஈடுகொடுக்க அங்கே இல்லை.

நிவா பூபா, கேர், ஆதித்ய பிர்லா ஆகியவற்றை எப்படி மதிப்பிடுவது?

நிவா பூபா முன்பு மேக்ஸ் பூபா. 2021-இல் பெயர் மாறியது. பிரிட்டனைச் சேர்ந்த பூபா இப்போது பெரும்பான்மைப் பங்குதாரர். மருத்துவக் காப்பீட்டில் நீண்ட அனுபவமுள்ள உரிமையாளர் என்பது சாதாரணப் பலம் அல்ல. 2024 நவம்பரில் ஒரு பங்கு 74 ரூபாய்க்குப் பங்குவெளியீடு நடத்திப் பட்டியலானது. லாபம் 2023-24-இல் 82 கோடி, 2024-25-இல் 214 கோடி. வளர்ச்சி வேகமாக இருப்பதால் மேலே சொன்ன எச்சரிக்கை இங்கே முழுமையாகப் பொருந்தும்: அதன் பாலிசிகளில் பெரும்பகுதி இளமையானவை, அவை முதிரும்போது இழப்பீடு எப்படி நகர்கிறது என்பதே உண்மையான சோதனை. வங்கிகள் வழியாக வரும் விற்பனைக்கும் அங்கே கணிசமான இடம் உண்டு. வங்கி ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அது பேரத்துக்கு வரும்.

கேர் ஹெல்த் 2012-இல் ரெலிகேர் ஹெல்த்தாகத் தொடங்கி 2020-இல் பெயர் மாறியது. அங்கே கவனிக்க வேண்டிய அபாயம் உரிமையாளர் மட்டத்தில் இருந்தது. தாய் நிறுவனமான ரெலிகேர் எண்டர்பிரைசஸைக் கைப்பற்ற டாபர் நிறுவனத்தின் பர்மன் குடும்பம் 2023 செப்டம்பரில் முயற்சி தொடங்கி, நிர்வாகத்தோடு நீண்ட மோதலுக்குப் பின் 2025 பிப்ரவரியில் கட்டுப்பாட்டைப் பெற்றது. காப்பீட்டு நிறுவனத்தின் அன்றாடப் பணி நின்றுவிடவில்லை என்பது உண்மை. ஆனால் கூடுதல் மூலதனம் தேவைப்படும் நேரத்தில் தாய் நிறுவனம் வழக்குகளில் சிக்கியிருந்தால் யார் பணம் போடுவார்கள் என்ற கேள்வியை அந்த ஒன்றரை ஆண்டு எழுப்பியது.

ஆதித்ய பிர்லா ஹெல்த் 2016-இல் தொழில் தொடங்கியது. தென்னாப்பிரிக்காவின் மொமென்டம் மெட்ரோபாலிட்டன் கூட்டாளி; 2022-இல் அபுதாபி முதலீட்டு ஆணையம் சுமார் 10 சதவீதப் பங்கை வாங்கியது. நடைப்பயிற்சி, உடல்நலக் கணக்கீடு ஆகியவற்றுக்குப் பிரீமியத்தில் பகுதியைத் திருப்பித் தரும் முறை அதன் தனித்தன்மை. ஆரோக்கியமான இளைஞர்களை ஈர்க்க அது நல்ல வழி. அவர்கள் நாற்பத்தைந்தைத் தாண்டும்போதும் அதே அளவு திருப்பித் தர நிறுவனத்தால் முடியுமா என்பதை இன்னும் பத்தாண்டு பார்த்த பிறகே சொல்ல முடியும்.

பொதுத்துறை நிறுவனங்கள் அரசுக்குச் சொந்தமானவை. அவைதான் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா?

மூழ்கவிட மாட்டார்கள் என்ற அளவில் பாதுகாப்பு. அதற்கு மேல் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

ஒரு காப்பீட்டு நிறுவனம் தன் பொறுப்புகளுக்கு ஏற்ப வைத்திருக்க வேண்டிய உபரி மூலதனத்தின் அளவே கடன்தீர்வுத் திறன். அது குறைந்தது 150 சதவீதம் இருக்க வேண்டும். நியூ இந்தியா அந்த வரம்புக்கு மேலே நிற்கிறது. யுனைடெட் இந்தியா, நேஷனல், ஓரியண்டல் மூன்றின் அளவோ 2024 மார்ச் நிலவரப்படி பூச்சியத்துக்கும் கீழே இருந்தது. 2019-20 தொடங்கி மூன்று நிதியாண்டுகளில் மத்திய அரசு 17,450 கோடி ரூபாயை இவற்றில் போட்ட பிறகும் இந்த நிலை. ஒரு தனியார் நிறுவனம் இந்த இடத்துக்கு வந்திருந்தால் புதிய பாலிசி விற்கவே அனுமதி கிடைத்திருக்காது. அரசின் கை பின்னால் இருப்பதால் க்ளெய்ம் பணம் வராமல் போகும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மூலதனம் இல்லாத நிறுவனத்தால் மென்பொருளிலும் ஆட்களிலும் முதலீடு செய்ய முடியாது. பெரிய குழு ஒப்பந்தங்களை நட்ட விலைக்கு எடுத்த பழக்கத்தின் சுமை சில்லறை வாடிக்கையாளரின் பிரீமியத்தில் ஏறும். க்ளெய்ம் பரிசீலனையைப் பெரும்பாலும் டிபிஏ எனப்படும் இடைநிலை நிறுவனங்களிடம் விடுவதால், எந்த டிபிஏ என்பதைப் பொறுத்து அனுபவமே மாறுகிறது.

முதியவர்களுக்கும் பழைய பாலிசிதாரர்களுக்கும் பொதுத்துறை இன்னும் ஒரு புகலிடம் என்பதை மறுக்க மாட்டேன். வேறு எங்கும் இடம் கிடைக்காத பலர் அங்கேதான் ஆண்டுக்கணக்கில் நிலைத்திருக்கிறார்கள்.

வாகனக் காப்பீடும் விற்கும் தனியார் நிறுவனங்கள் கூடுதல் பலமானவையா?

மூலதன நோக்கில், பெரும்பாலும் ஆம். வாகன மூன்றாம் நபர் வழக்குகள் தீர ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்தப் பணம் முதலீட்டில் இருந்து வருமானம் தரும். மருத்துவ க்ளெய்ம் சில வாரங்களில் முடிந்துவிடுவதால் அப்படித் தங்கும் பணம் குறைவு. பெருந்தொற்று போன்ற ஓர் ஆண்டில் மருத்துவப் பிரிவு நட்டப்பட்டாலும் மற்றப் பிரிவுகள் தாங்கும். எச்டிஎஃப்சி எர்கோ 2020-இல் அப்பல்லோ மியூனிக்கைத் தன்னோடு இணைத்துக்கொண்டதால் சில்லறை மருத்துவக் காப்பீட்டில் வேரூன்றிய அனுபவமும் அதற்குக் கிடைத்தது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. பல தொழில்களில் ஒன்றாக மருத்துவக் காப்பீட்டை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு, அது லாபம் தராத ஆண்டில் அதைச் சுருக்கிக்கொள்ளும் வழி உண்டு. ஒரே தொழிலை நம்பியவருக்கு அந்த வழி கிடையாது. பஜாஜ் அலையன்ஸில் ஜெர்மானியக் கூட்டாளியான அலையன்ஸ் தன் 26 சதவீதப் பங்கை விற்று விலகுவதாக 2025 மார்ச்சில் அறிவித்ததுபோல, கூட்டாளி மாற்றங்களும் இங்கே நடக்கும்.

காப்பீட்டு நிறுவனம் மூடப்பட்டால் என் பாலிசி என்ன ஆகும்?

இதற்கு ஒரு நேரடி முன்னுதாரணம் உண்டு. ரிலையன்ஸ் ஹெல்த் இன்ஷூரன்ஸ் 2018 இறுதியில் தொழில் தொடங்கியது. அடுத்த ஆண்டே அதன் கடன்தீர்வுத் திறன் சரியத் தொடங்கி, 2019 ஜூனில் 106 சதவீதமாகவும் செப்டம்பரில் 63 சதவீதமாகவும் இறங்கியது. 2019 நவம்பரில் ஆணையம் புதிய பாலிசி விற்பதைத் தடைசெய்து, பாலிசிதாரர்களின் பொறுப்பை ரிலையன்ஸ் ஜெனரலுக்கு மாற்றியது. ஆயுள் காப்பீட்டிலும் 2023 ஜூனில் சகாரா லைஃபின் பாலிசிகளை எஸ்பிஐ லைஃபுக்கு மாற்ற ஆணையம் உத்தரவிட்டது.

பாலிசிதாரர் தெருவில் விடப்படவில்லை என்பது இரண்டிலும் ஆறுதலான செய்தி. ஆனால் வங்கி வைப்புக்கு ஐந்து லட்ச ரூபாய் காப்பு இருப்பதுபோல, காப்பீட்டு நிறுவனம் நொடித்தால் ஈடுதரும் நிதி இங்கே இல்லை. ஆகவே 150 என்ற எல்லையை உரசிக்கொண்டு நிற்கும் நிறுவனத்தைவிட 180, 200 என்று வைத்திருப்பது மேல். ஓர் எண்ணைவிட அதன் போக்கு முக்கியம். நான்கு காலாண்டுகளாக இறங்கிவரும் 190, நிலையாக நிற்கும் 170-ஐவிடக் கவலைக்குரியது.

மருத்துவமனையில் நாம் பணம் கட்டாமல், காப்பீட்டு நிறுவனமே நேரடியாகக் கட்டும் கேஷ்லெஸ் வசதி திடீரென நிறுத்தப்படுவதாகச் செய்தி வருகிறதே, அது எந்த வகை அபாயம்?

மருத்துவமனைக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையிலான விலைப் போரின் அபாயம். மருத்துவமனைகள் கட்டண உயர்வு கேட்கின்றன. பழைய கட்டணத்திலேயே நீட்டிக்க நிறுவனங்கள் விரும்புகின்றன. 2025 ஆகஸ்டில் மருத்துவமனைகளின் சங்கமான ஏஎச்பிஐ, செப்டம்பர் 1 முதல் பஜாஜ் அலையன்ஸ், கேர் ஆகியவற்றுக்குக் கேஷ்லெஸ் தர வேண்டாம் என்று வட இந்திய உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது; பேச்சுக்குப் பின் அது தணிந்தது. ஏறத்தாழ அதே நேரத்தில் மேக்ஸ் மருத்துவமனைகளில் நிவா பூபாவின் கேஷ்லெஸ் நின்றது.

பெரிய நிறுவனத்துக்குப் பேரம் பேசும் வலிமை அதிகம், அதுவே மோதலுக்கும் காரணமாகிறது. கேஷ்லெஸ் ஒப்புதலுக்கு ஒரு மணி நேரம், டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரம் என்று ஆணையத்தின் 2024 மே மாதச் சுற்றறிக்கை கெடு விதித்திருக்கிறது. ஒப்பந்தமே இல்லாத மருத்துவமனையில் அந்தக் கெடுவால் பெரிய பயன் இல்லை. பதினான்காயிரம் மருத்துவமனைகள் என்ற விளம்பரத்தைவிட, உங்கள் வீட்டிலிருந்து அரைமணி தூரத்தில் உள்ள மூன்று மருத்துவமனைகளின் இன்சூரன்ஸ் கவுண்டரில் நேரில் போய்க் கேட்டால் கிடைக்கும் பதில் மதிப்புள்ளது. எந்த நிறுவனத்தின் கோப்பு இழுத்தடிக்கிறது என்பது அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அத்துபடி.

புதிதாக வந்த கேலக்ஸி, நாராயணா போன்றவற்றை நம்பலாமா?

ஸ்டாரைத் தொடங்கிய ஜெகந்நாதனின் குடும்பமும் டிவிஎஸ் வேணு சீனிவாசனின் குடும்பமும் கேலக்ஸிக்குப் பின்னால் இருக்கின்றன; பெங்களூரின் நாராயணா மருத்துவமனைக் குழுமம் தன் காப்பீட்டு நிறுவனத்தை நடத்துகிறது. இரண்டுக்கும் 2024-இல்தான் உரிமம் கிடைத்தது. மருத்துவமனையே காப்பீடும் விற்கும்போது செலவுக் கட்டுப்பாடு எளிதாகலாம். அந்தக் குழுமத்தின் மருத்துவமனை இல்லாத ஊரில் அதன் பயன் குறையும். க்ளெய்ம் வரலாறு உருவாக இன்னும் சில ஆண்டுகள் வேண்டும். முதன்மைப் பாலிசியாக எடுக்க நான் அவசரப்பட மாட்டேன்.

அரசின் விதிமாற்றங்கள் யாரைப் பாதிக்கின்றன?

எல்லோரையும், ஆனால் ஒரே அளவில் அல்ல. 2025 ஜனவரியில், அறுபது வயதைத் தாண்டியவர்களின் பிரீமியத்தை முன் அனுமதி இல்லாமல் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது என்று ஆணையம் உத்தரவிட்டது. முதியோர் அதிகமுள்ள நிறுவனத்துக்கு அது கடுமையான கட்டுப்பாடு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி நீக்கப்பட்டது. வாடிக்கையாளருக்கு இது நல்ல செய்தி. நிறுவனங்களோ, கமிஷனுக்கும் சேவைகளுக்கும் கட்டும் வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரிச் சலுகையை இழந்தன; பல நிறுவனங்கள் அந்தச் சுமையில் ஒரு பகுதியை முகவர் கமிஷனில் குறைத்தன. கமிஷனையே நம்பி விற்கும் நிறுவனத்தில் அதன் விளைவு அதிகம் தெரியும்.

பல ஆண்டுப் பாலிசியின் பிரீமியத்தை ஒரே ஆண்டில் கணக்குக் காட்டாமல் ஆண்டுதோறும் பிரித்துக் காட்ட வேண்டும் என்ற விதியும் 2024 அக்டோபரில் வந்தது. அதனால் அதற்கு முந்தைய, பிந்தைய வளர்ச்சி எண்களை நேரடியாக ஒப்பிடக் கூடாது.

புகார்களின் எண்ணிக்கையை எப்படிப் படிப்பது?

2023-24-இல் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகங்களுக்கு வந்த மருத்துவக் காப்பீட்டுப் புகார்களில் ஸ்டார் மீதானவை 13,300-ஐத் தாண்டி முதலிடத்தில் இருந்தன. சில்லறைச் சந்தையில் மூன்றில் ஒரு பங்கை வைத்திருக்கும் நிறுவனத்துக்குப் புகாரும் அதிகம் வரும் என்பது உண்மைதான். ஆனாலும் அந்த இடைவெளி முழுவதையும் அளவு மட்டும் விளக்கிவிடும் என்று நான் நினைக்கவில்லை. பத்தாயிரம் பாலிசிக்கு எத்தனை புகார், அவற்றில் எத்தனை வாடிக்கையாளருக்குச் சாதகமாக முடிந்தன என்ற இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே நேர்மையான ஒப்பீடு.

தரவுப் பாதுகாப்பும் இப்போது இந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. 2024 செப்டம்பரில் ஸ்டார் வாடிக்கையாளர்களின் மருத்துவ அறிக்கைகளும் க்ளெய்ம் ஆவணங்களும் டெலிகிராம் வழியாகக் கசிந்தது வெளியானது. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம், நோய் வரலாற்றை மாற்ற முடியாது.

இந்தத் தகவல்களை எங்கே பார்ப்பது?

ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் 'பொது வெளியீடுகள்' என்ற பகுதியில் காலாண்டுதோறும் படிவங்களை வெளியிட வேண்டும். 'என்.எல்.' என்று தொடங்கும் எண்களுடன் அவை இருக்கும். விகிதங்கள், கடன்தீர்வுத் திறன், க்ளெய்ம்களின் வயது, குறைகள் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் படிவங்கள் உண்டு. க்ளெய்ம்கள் எத்தனை நாட்களில் தீர்க்கப்பட்டன என்ற அட்டவணையை விட்டுவிடாதீர்கள். ஆணையத்தின் ஆண்டறிக்கையும் இலவசமாகக் கிடைக்கிறது.

பங்கு வாங்குபவரும் பாலிசி வாங்குபவரும் ஒரே எண்களை ஒரே விதமாகப் பார்க்கலாமா?

கூடாது. ஸ்டார் 2021 டிசம்பரில் 900 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது; வெளியீட்டுக்கு 79 சதவீத விண்ணப்பங்களே வந்தன, 2025 மார்ச்சில் விலை அதில் பாதிக்கும் கீழே இருந்தது. பங்குதாரருக்கு அது பெரும் இழப்பு. அந்தக் காலம் முழுவதும் பாலிசிதாரருக்கு நிறுவனத்தின் கடன்தீர்வுத் திறன் வரம்புக்கு மேல்தான் இருந்தது.

இழப்பீட்டு விகிதம் குறைந்தால் பங்குதாரர் மகிழ்வார். பாலிசிதாரர் ஏன் குறைந்தது என்று கேட்க வேண்டும்: நல்ல வாடிக்கையாளர் தேர்வா, மோசடியைப் பிடித்ததா, நியாயமான க்ளெய்ம்களை வெட்டியதா? விகிதம் 85-ஐத் தாண்டும் சில்லறை நிறுவனத்தைக் கொண்டாடுவதும் தவறு, ஏனெனில் அடுத்த ஆண்டு பிரீமிய உயர்வு அறிவிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். என் மதிப்பீட்டில், சில்லறைக்கு 65 முதல் 75 வரை நிலையாக இருந்து, செலவு குறைந்து, புகார் விகிதமும் குறையும் நிறுவனமே நீண்ட காலத்துக்கு நம்பத்தக்கது. மூன்றும் ஒருசேர அமைவது அரிது. முதல் இரண்டு சரியாக இருந்து மூன்றாவது மட்டும் கெட்டிருந்தால், நான் அந்த நிறுவனத்தைத் தவிர்ப்பேன்.

இப்போது இருக்கும் நிறுவனம் பலவீனமாகத் தெரிகிறது. மாறிவிடலாமா?

உடல்நலம் நன்றாக இருந்தால் மாறலாம். பாலிசியை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளும் போர்ட்டபிலிட்டி வசதி 2011 முதல் உண்டு. பழைய நிறுவனத்தில் கழித்த காத்திருப்புக் காலம் புதிய இடத்திலும் கணக்கில் சேரும், பழைய காப்பீட்டுத் தொகை வரை. கூட்டிய தொகைக்குக் காத்திருப்புப் புதிதாகத் தொடங்கும். ஆனால் ஏற்பதா மறுப்பதா என்பது புதிய நிறுவனத்தின் முடிவு. சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதும், அண்மையில் பெரிய க்ளெய்ம் வாங்கிய பிறகும் மறுப்பு வர வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்டவர்கள் இருக்கும் பாலிசியைத் தொடர்ந்துகொண்டு, குறிப்பிட்ட தொகைக்கு மேல் போகும் செலவை மட்டும் ஏற்கும் டாப்-அப் பாலிசி வேறு நிறுவனத்தில் கிடைக்கிறதா என்று பார்க்கலாம்.

புதுப்பிக்கும் தேதிக்குக் குறைந்தது 45 நாட்களுக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். பழைய க்ளெய்ம்களையும் நோய்களையும் ஒன்றுவிடாமல் எழுதுங்கள். புதிய நிறுவனம் எழுத்தில் ஏற்றுக்கொள்ளும்வரை பழைய பாலிசியின் பிரீமியத்தை நிறுத்தாதீர்கள். ஒருநாள் இடைவெளி விழுந்தாலும் அந்த நாளில் நேரும் விபத்துக்கு இரண்டு நிறுவனங்களிடமும் கேட்க வழியிருக்காது. ஏற்கெனவே மறுக்கப்பட்ட க்ளெய்ம் ஒன்று நிலுவையில் இருந்தால், மாறுவதற்கு முன் அதை முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடமும், தீர்வு வராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடமும் கொண்டுபோங்கள். 50 லட்ச ரூபாய் வரை அவர் உத்தரவிடலாம், கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. சென்னையிலும் அவருக்கு அலுவலகம் இருக்கிறது.